எல்லோருக்கும் வேண்டும் படியேறும் வலு

தாராவியின் பல சந்துகளில் மாடி அறைக்குப் படிக்கட்டு கிடையாது. சுவரையொட்டிச் செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணிதான் உண்டு. ஒரு கையில் குடமோ துணிமூட்டையோ இருக்க, மறு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். மாட்டுங்காவில் கிங் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்கள் சிலவற்றில் இன்றும் லிஃப்ட் இல்லை. மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையுடன் திரும்பும் மாமி மூன்று மாடியையும் தன் காலை நம்பியே ஏறுகிறார். செம்பூர் செட்டா நகரில் திருச்செம்பூர் முருகனைத் தரிசிக்க 108 படிகள். இவை போதாதென்று, மும்பைக்காரர் ஒவ்வொருவரும் அன்றாடம் ஏறி இறங்கும் ரயில்நிலைய நடைமேம்பாலங்கள்.

இந்தப் படிகளில் ஏற முடியாமல் போகும் நாள் பலருக்கும் வருகிறது. "முட்டி தேஞ்சுபோச்சு" என்கிறார்கள். "வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்" என்று தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கிறார்கள், தைலம் தடவுகிறார்கள், மாத்திரை விழுங்குகிறார்கள். தொடைத் தசை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. படியேறுவதற்கு முட்டி மட்டும் போதாது. தொடை, இடுப்பு, கெண்டைக்கால் எல்லாம் சேர்ந்து தூக்க வேண்டும். அந்தத் தசைகள் மெலிந்தால் பாரம் மூட்டின் மேல் விழுகிறது. மூட்டு வலிப்பதால் நடமாட்டம் குறைகிறது. நடமாட்டம் குறைவதால் தசை மேலும் மெலிகிறது.

இந்தச் சுழலை எந்த வயதிலும் திருப்பிவிட முடியும். அதற்கான வழி தசை வலுப் பயிற்சி. ஆனால், அது இன்று இருபது வயது இளைஞர்களின் மார்புக்கும் புஜத்துக்குமான அழகுக் கலையாக மட்டும் பார்க்கப்படுகிறது. அதை அங்கிருந்து மீட்டு, நாற்பதைக் கடந்த பெண்களுக்கும் அறுபதைக் கடந்த அனைவருக்கும் உரிய அடிப்படை மருத்துவமாக ஆக்க வேண்டும். அரசும் மாநகராட்சியும் தமிழ் அமைப்புகளும் கைகொடுத்தால் மும்பையின் தமிழ்ப் பகுதிகளிலேயே இதைத் தொடங்கிக் காட்டலாம்.

ஒல்லி உடம்பு தரும் பொய் நம்பிக்கை

நம்மில் பலர் ஆரோக்கியத்தைக் கண்ணால் அளக்கிறோம். தொப்பை இருந்தால் நோயாளி, ஒல்லியாக இருந்தால் ஆரோக்கியசாலி என்பது நம் கணக்கு. இந்தக் கணக்கு எவ்வளவு தவறானது என்பதை மும்பைக்குப் பக்கத்து ஊரான புணேயின் மருத்துவர் ஒருவர் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினுடன் சேர்ந்து 2004-இல் 'லான்செட்' இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். இருவருடைய உடல் நிறை குறியீட்டெண்ணும் அச்சு அசலாக ஒன்றே: 22.3. உயரத்துக்கேற்ற எடை என்று எந்த மருத்துவரும் பாராட்டக்கூடிய அளவு அது. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்! ஒரே குறியீட்டெண்; உள்ளே இருப்பது மட்டும் வேறு. யாக்னிக் குழு புணேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் செய்த ஆய்வில், நம் குழந்தைகள் பிறக்கும்போதே தசை குறைவாகவும், அவர்களின் சிற்றுருவத்தோடு ஒப்பிட்டால் கொழுப்பு மிகுந்தும் இருப்பது தெரியவந்தது.

இது ஏன் முக்கியம்? நாம் உண்ணும் இட்லியும் சோறும் சப்பாத்தியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கை உள்வாங்கிச் சேமிக்கும் கிடங்கு நம் தசைதான். கிடங்கு சிறியதாக இருந்தால் சரக்கு தெருவில் கிடக்கும். தசை குறைந்த உடலில் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவர்கள் அஞ்சனா, மோகன் உள்ளிட்டோர் நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இண்டியாப்' (INDIAB) ஆய்வு 2023-இல் வெளியானது. அதன் மதிப்பீட்டின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள்.

தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இது எத்தனை பெரிய வரம்! அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லதா பழனியப்பன் தலைமையிலான குழு, எடை அதிகமில்லாத நீரிழிவு நோயாளிகள் 186 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்தது. ஒரு பிரிவுக்கு நடை, ஓட்டம் போன்ற பயிற்சி, ஒரு பிரிவுக்கு வலுப் பயிற்சி, மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கலந்தது. 9 மாதங்களுக்குப் பிறகு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை ஒப்பிட்டார்கள். நடை, ஓட்டப் பிரிவில் 0.24 புள்ளி குறைந்திருந்தது. வலுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 0.44 புள்ளி குறைந்திருந்தது. "நான்தான் குண்டாக இல்லையே, எனக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?" என்று கேட்கும் ஒல்லியான தமிழர்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டிய முடிவு இது.

முதுமையிலும் வளரும் தசை

முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேல் இழப்பு வேகமெடுக்கிறது. மருத்துவ உலகம் இதற்கு 'சார்கோபீனியா' என்று பெயரிட்டே நாற்பது ஆண்டுகள் ஆகவில்லை. அதுவரை இது முதுமையின் இயல்பு என்றே கருதப்பட்டது.

அந்தக் கருத்தை உடைத்தவர் மரியா ஃபியாட்டரோனி என்ற மருத்துவர். பாஸ்டன் நகரின் முதியோர் மறுவாழ்வு மையம் ஒன்றில், சராசரியாகத் தொண்ணூறு வயதுள்ள பத்துப் பேருக்கு 8 வாரங்கள் கடுமையான கால் பயிற்சி கொடுத்தார். 1990-இல் வெளியான முடிவுகள் மருத்துவர்களை வியக்கவைத்தன. கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொடைத் தசையின் அளவு 9 சதவீதம் பெருத்திருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, சராசரி வயது 87 கொண்ட நூறு பேரிடம் அவர் மீண்டும் சோதித்தார். பயிற்சி செய்தவர்களின் வலு இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. பயிற்சியில்லாமல் சத்து பானம் மட்டும் பருகியவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. டானிக் புட்டிகளை நம்பியிருக்கும் நம் வீடுகளுக்கு இதைவிடத் தெளிவான செய்தி கிடையாது.

பொள்ளாச்சியைச் சேர்ந்த கிட்டம்மாள், பேரன்மார் சொல்லிக்கொடுக்க எடை தூக்கப் பழகி, 2025-இல் கோவையில் நடந்த வலுதூக்கும் போட்டியில் 50 கிலோ தூக்கினார். அப்போது அவருக்கு வயது 82. செய்தியைப் பார்த்தவர்கள் அதிசயப்பட்டார்கள். உடலியல் அறிந்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. தசைக்குப் பாரத்தைக் கொடுத்தால் அது பதில் சொல்லும், வயதைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

வலு குறைவதால் வரும் கேடு படிகளோடு முடிவதில்லை. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்த 'பியூர்' ஆய்வு, 2015-இல் கையின் பிடிவலுவைப் பற்றி ஒரு முக்கியமான உண்மையைச் சொன்னது. பிடிவலு 5 கிலோ குறைவாக உள்ளவர்களுக்கு மரண அபாயம் 16 சதவீதம் அதிகம். யாருக்கு ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்வதில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவைக் காட்டிலும் பிடிவலு தெளிவான அறிகுறியாக இருந்தது. ரத்த அழுத்தம் பார்க்காத மருத்துவர் இல்லை. பிடிவலு பார்க்கும் மருத்துவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெண்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. குளியலறையில் ஒரு முறை வழுக்கினால் இடுப்பெலும்பு முறிகிறது; படுத்த படுக்கை, நிமோனியா, அதன்பின் பிறரைச் சார்ந்த வாழ்க்கை. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம், எலும்பு பலவீனமான 101 பெண்களை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் வாரம் இரண்டு நாள், நாளுக்கு அரைமணி நேரம், பயிற்சியாளரின் மேற்பார்வையில் கனமான எடைகளைத் தூக்கினார்கள். மற்றவர்கள் வீட்டில் லேசான உடற்பயிற்சி செய்தார்கள். 8 மாதங்களில் எடை தூக்கியவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. கால்சியம் மாத்திரையோடு நின்றுவிடும் நம் சிகிச்சை முறை இதைக் கவனிக்க வேண்டும்.

மனதுக்கும் இதில் பங்குண்டு. 33 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, வலுப் பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கிறது என்று காட்டியது. வலு எவ்வளவு கூடியது என்பதைப் பொறுத்து இந்தப் பலன் மாறவில்லை. பிள்ளைகள் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருக்க, மாட்டுங்கா அடுக்ககங்களில் தனித்து வாழும் முதியவர்களுக்கு இது சிறு செய்தி அல்ல.

சுமை தூக்குவது வேறு, பயிற்சி வேறு

"காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் மூட்டைதான் தூக்கறேன், எனக்கு எதுக்குங்க தனியா எக்ஸர்சைஸ்?" என்று தாராவி உழைப்பாளி கேட்டால், அது நியாயமான கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிடும் தொழிலில் முதுகு வளைத்தவர்களின் வாரிசுகள் இங்கே வாழ்கிறார்கள். 13ஆம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக் மூட்டைகள் இன்றும் தலைமேல்தான் நகர்கின்றன. விடியுமுன் எழுந்து மாவு வாளி தூக்கி, இட்லி அவித்து, நகரத்துக்கே காலைப் பலகாரம் அனுப்பும் குடும்பங்கள் இங்கே உண்டு. இவர்களைப் பார்த்து 'எடை தூக்குங்கள்' என்று சொல்வது அறியாமை போலத் தோன்றலாம்.

ஆனால், உழைப்பின் பாரமும் பயிற்சியின் பாரமும் உடலில் ஒரே வேலையைச் செய்வதில்லை. டென்மார்க், நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2018-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உடலுழைப்பு மிகுந்த வேலை செய்யும் ஆண்களுக்கு, அத்தகைய வேலை செய்யாதவர்களைக் காட்டிலும் அகால மரண அபாயம் 18 சதவீதம் அதிகம். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டுகிறது. வேலையிடத்து உழைப்பு அந்தப் பலனைத் தருவதில்லை. காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. பயிற்சியில் பாரம் படிப்படியாகக் கூடும். மூட்டை முதல் நாளே முழு எடையோடு தோளில் ஏறும். பயிற்சியில் ஒரு நாள் தூக்கினால் மறுநாள் ஓய்வு. அந்த ஓய்வில்தான் தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. கூலி வேலையில் ஓய்வெடுத்தால் கூலி இல்லை. பயிற்சியில் உடலின் இரு புறமும், முன்னும் பின்னும் சமமாக உழைக்கும். தொழிலில் ஒரே தோள், ஒரே வளைவு, ஒரே இடுப்பு.

ஆகவே, உழைப்பாளிக்கு வேண்டியது கூடுதல் பாரமல்ல. முதலில் போதிய ஓய்வும் நியாயமான கூலியும் சுமைக்கு உச்சவரம்பும் வேண்டும். சுமைத் தொழிலாளர்களுக்கென 1969-லேயே மாத்தாடிச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் மகாராஷ்டிரம். அந்தப் பாதுகாப்பு தாராவியின் சிறு பட்டறைகளுக்குள்ளும் முழுமையாக நுழைய வேண்டும். அதோடு, குனியும்போது முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கித் தூக்கும் முறையையும், தொழிலில் உழைக்காத தசைகளை வலுவாக்கும் எளிய பயிற்சிகளையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். வலுப் பயிற்சி வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம், அதிகம் தேவைப்படுகிறவர்களிடமிருந்து அதைப் பிடுங்கி வைத்திருக்கிறது.

நடை போதாதா?

மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸிலும் செம்பூர் டைமண்ட் கார்டனிலும் காலையில் நடப்பவர்கள் ஏராளம். நடை இதயத்துக்கு நல்லது, நுரையீரலுக்கு நல்லது, மனதுக்கு நல்லது. நடப்பவர்கள் ஒருநாளும் நிறுத்த வேண்டாம். ஆனால், பத்தாண்டுகள் தினமும் நடந்தவர்களும் தரையில் உட்கார்ந்து எழுவதற்குச் சுவரைத் தேடுகிறார்கள். காரணம் எளிது: நடக்கும்போது கால் சுமப்பது பழகிய பாரத்தை. பழகிய பாரம் தசையை வளர்ப்பதில்லை. கைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் நடையில் வேலையே இல்லை.

யோகாவும் அப்படியே. உடலை வளைக்கவும் சமநிலை காக்கவும் மூச்சைச் சீராக்கவும் அது உதவும். சில ஆசனங்கள் வலுவும் தரும். ஆயினும், வாரத்துக்கு வாரம் பாரத்தைக் கூட்டிக்கொண்டு போகும் ஏற்பாடு அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது: வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம்; அதோடு வாரத்தில் 2 நாளாவது உடலின் முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலுப் பயிற்சி. 65 வயதைக் கடந்தவர்களுக்கு, வலுவும் சமநிலையும் சேர்ந்த பயிற்சி வாரம் 3 நாள் வேண்டும் என்கிறது.

நம் அரசுகள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கியிருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கி மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. மும்பை மாநகராட்சி 2022 முதல் இலவச யோகா மையங்களை நடத்துகிறது. இரண்டும் பாராட்டத்தக்கவை. வலுப் பயிற்சிக்கு மட்டும் இன்னும் இப்படி ஒரு பெயர்ப்பலகை எழவில்லை.

ஜிம் வாசலில் நிற்கும் அச்சங்கள்

பெண்களைத் தடுக்கும் முதல் அச்சம், "ஆம்பிளை மாதிரி ஆயிடுவேன்" என்பது. தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் உடலில் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. வாரம் இரண்டு மூன்று நாள் பயிற்சியால் பெண்ணுடல் பயில்வானுடல் ஆகாது. முதுகு நிமிரும், முட்டி வலி குறையும், பேரக்குழந்தையைத் தூக்கும்போது இடுப்பு பிடிக்காது. இரண்டாவது தடை, ஆண்கள் நிறைந்த ஜிம்முக்குள் நுழையும் கூச்சம். அது பெண்களின் குறையல்ல. அவர்களுக்கென நேரமும் இடமும் ஒதுக்காத சமூகத்தின் குறை.

அடுத்தது மாரடைப்பு அச்சம். 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மறைந்தபோது, 'ஜிம்முக்குப் போனால் மாரடைப்பு' என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. ஏற்கெனவே அடைபட்டிருக்கும் ரத்தக்குழாயின் மேல் திடீரென்று அதீத பாரம் விழுவது ஆபத்துதான். ஆகவே, நாற்பதைக் கடந்து புதிதாகத் தொடங்குபவர்கள், அதிலும் நெஞ்சுவலி, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், சர்க்கரையால் வந்த விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். ஆனால், பயிற்சியே இதயத்துக்குப் பகை என்பது உண்மைக்கு மாறானது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022-இல் தொகுத்த தரவுகளின்படி, வலுப் பயிற்சி செய்பவர்களுக்கு இதயநோய், புற்றுநோய், நீரிழிவு ஆகியவற்றின் அபாயமும் மரண அபாயமும் 10 முதல் 17 சதவீதம் வரை குறைவு. வாரத்துக்கு 30 முதல் 60 நிமிடமே இதற்குப் போதும்.

இறுதியாக, இளைஞர்களைப் பற்றி அக்கறையோடு ஒன்று சொல்ல வேண்டும். தாராவியிலும் செம்பூரிலும் ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் குடியிலும் கும்பலிலும் சேராமல் உடலைப் பேணுகிறார்கள், அதை மதிக்கிறேன். ஆனால், மூன்று மாதத்தில் 'பாடி' வர வேண்டும் என்ற அவசரத்தில் ஸ்டீராய்டு ஊசிக்குப் போகும் பிள்ளை இதயத்தையும் ஈரலையும் விந்தணுவையும் பணயம் வைக்கிறான். கண்ணாடியே குறிக்கோளாகும்போது குறுக்கு வழி கவர்ச்சியாகத் தெரிகிறது. நாற்பது ஆண்டு கழித்தும் தன் காலில் நிற்பதே குறிக்கோள் என்றால் ஊசிக்கு அங்கே வேலையில்லை. இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது அவன் நம்பும் பயிற்சியாளர், 'மாஸ்டர்' என்று அவன் அழைக்கும் அந்த மனிதர்.

பத்துக்குப் பத்து அறை போதும்

முதலில் ஒரு சோதனை. கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் தசையிழப்பு இருக்கக்கூடும் என்கிறது ஆசிய மருத்துவர்கள் குழு 2019-இல் வகுத்த அளவுகோல். இதற்கு ஸ்கேன் வேண்டாம், செலவும் இல்லை.

பயிற்சிக்கும் பெரிய இடம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது தொடைக்கு. சுவரில் கையூன்றிச் செய்யும் தண்டால் மார்புக்கும் தோளுக்கும். பழகியபின் மேசையில், பிறகு தரையில். இடுப்பை மடக்கிக் குனிந்து தரையிலிருந்து எடை தூக்குவது முதுகுக்கும் பிட்டத்துக்கும். 5 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 5 கிலோ; அதுவே எடைக்கல். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பது மேல்முதுகுக்கு. குதிகாலை உயர்த்தி நிற்பது கெண்டைக்காலுக்கு. இரு கையிலும் கேனைப் பிடித்து வராந்தாவில் நடப்பது பிடிவலுவுக்கு. ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று. வாரம் இரண்டு நாள், நடுவில் ஓய்வு. 12 முறை எளிதாகிவிட்டால் பாரத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். மூச்சை அடக்காமல் தூக்க வேண்டும். முதல் சில வாரங்களில் தசை பெரிதாவதில்லை. இருக்கும் தசையை முழுதாக வேலைவாங்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. அதனால்தான் தோற்றம் மாறுமுன்பே படியேறுவது எளிதாகிறது.

சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்ந்ததுபோல் அசையாமல் நிற்பதும் பயன் தரும். 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான ஆராய்ச்சி, ரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் இத்தகைய அசையாப் பயிற்சிகள் மற்றெல்லாவற்றையும் முந்துகின்றன என்றது. மேல் அளவு சராசரியாக 8 புள்ளி குறைந்தது.

உணவில் ஒரு திருத்தம் வேண்டும். ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். முதியவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதல் நல்லது என்கிறார்கள் நிபுணர்கள். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்ற அட்டவணையில் இது நிரம்பாது. முட்டை, மீன், கருவாடு, தயிர், சுண்டல், பச்சைப்பயறு, நிலக்கடலை, சோயா ஆகியவற்றை வேளைதோறும் சேர்த்தால் நிரம்பிவிடும். பெரும்பாலோருக்கு மாவு டப்பா தேவைப்படாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வலுவைப் பொதுவில் வைத்திருந்தோம்

வலுப் பயிற்சி மேற்கிலிருந்து வந்த மோகமல்ல. தாராவித் தமிழர்களில் பலருக்குப் பூர்வீகமான திருநெல்வேலிப் பக்கத்தில், ஊர்ப் பொதுவிடத்தில் இளவட்டக்கல் கிடந்தது. பணகுடி அருகே வடலிவிளையில் இன்றும் பொங்கலன்று அதைத் தூக்குகிறார்கள், பெண்களும் களமிறங்குகிறார்கள். மும்பைக்கும் இப்படியொரு மரபு உண்டு. மாட்டுங்காவிலிருந்து சிறிது தூரத்தில், தாதர் சிவாஜி பார்க்கில் 1925 முதல் இயங்குகிறது ஸ்ரீ சமர்த்த வியாயாம மந்திர். மல்லகம்பத்தை அங்கே பல தலைமுறைக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் பார்வையற்றோருக்கும் கற்றுக்கொடுத்த உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. உடல் வலு ஊரின் பொதுச் சொத்தாக இருந்ததற்கு இவை சாட்சி. மாதச் சந்தா கட்டுபவரின் தனிச்சொத்தாக அது மாறியது நம் காலத்தில்தான்.

யார், என்ன செய்ய வேண்டும்?

முதல் பொறுப்பு மாநகராட்சிக்கு. 2022 முதல் குடிசைப் பகுதிகளில் இயங்கும் 'ஆப்லா தவாகானா' மருந்தகங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அதே வரிசையில் நாற்காலிச் சோதனையும் பிடிவலுச் சோதனையும் சேர வேண்டும். பிடிவலு அளக்கும் கருவி கையடக்கமானது. வலு குறைந்தவர்களுக்கு மாத்திரைச் சீட்டோடு பயிற்சிச் சீட்டும் தர வேண்டும். தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் வீட்டுவாசலுக்கே இயன்முறை மருத்துவரை அனுப்புகிறது. மும்பையிலும் சயான் மருத்துவமனையின் இயன்முறைத் துறையை மையமாக வைத்து இதைச் செய்யலாம்.

இரண்டாவது, தாராவி மறுசீரமைப்பு. பெருந்திட்டத்துக்கு 2025-இல் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. தகுதி பெற்றவர்களுக்கு அடுக்குமாடியில் 350 சதுர அடி வீடு என்கிறார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்விக்கே இன்னும் நியாயமான விடை வராத நிலையில், உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவது அகலக்கால் வைப்பதாகச் சிலருக்குப் படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரும்பு ஏணி போய் லிஃப்ட் வந்தால், சந்துகள் போய்க் கதவடைத்த வீடுகள் வந்தால், முதியவர்களின் கால்களுக்கு இன்று இருக்கும் வேலையும் போய்விடும். எனவே, ஒவ்வொரு குடியிருப்புத் தொகுதியிலும் தரைத்தளத்தில் ஒரு பொதுப் பயிற்சிக் கூடம், பெண்களுக்குத் தனி நேரம், சம்பளத்தோடு ஒரு பயிற்சியாளர் ஆகியவை வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் இடமில்லை என்பார்கள்.

மூன்றாவது, நம் அமைப்புகள். மும்பைத் தமிழ்ச் சங்கமும் சபாக்களும் கோயில் சமாஜங்களும் நூறாண்டுத் தமிழ் வாழ்வை இந்நகரில் தாங்கிப் பிடித்திருக்கின்றன. கச்சேரி இல்லாத காலைகளில் அவற்றின் மண்டபங்களை வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் போதும். ரப்பர் பட்டைகள், சில எடைகள், நாற்காலிகள், ஓர் இயன்முறை மருத்துவரின் வழிகாட்டல். தாராவியின் ஜிம் மாஸ்டர்களுக்கு முதியோர் பயிற்சியில் சான்றிதழ் வகுப்பு நடத்தினால், பகலில் காலியாகக் கிடக்கும் அவர்களின் கூடங்கள் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் திறக்கும். அவர்களுக்கும் வருமானம் வரும்.

வீட்டிலிருப்போருக்கும் ஒரு கடமை உண்டு. "நீங்க உக்காருங்கம்மா, நான் எடுத்துத் தரேன்" என்று அன்பினால் சொல்கிறோம். அந்த அன்பு நாளடைவில் அம்மாவின் கால்களை முடக்குகிறது. தூக்க முடிந்ததை அவர் தூக்கட்டும். தூக்க முடியாததை ஒரு நாள் தூக்கும்படி பழக்கிவிடுவோம்.

ஆயுளை நீட்டுவதில் நம் மருத்துவம் வெற்றி கண்டிருக்கிறது. நீண்ட அந்த ஆண்டுகளைப் படுக்கையிலா, சொந்தக் காலிலா கழிக்கப்போகிறோம் என்பதைத் தீர்மானிப்பதில் தசைக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பிறர் கையை எதிர்பார்க்காமல் எழுந்து, நடந்து, தன் வேலையைத் தானே செய்துகொள்வது கண்ணியத்தின் அடிப்படை. அந்தக் கண்ணியம் ஜிம் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தால் போதாது. குடிநீரையும் தடுப்பூசியையும் கேட்டுப் பெற்ற உரிமையோடு, வலுவையும் நாம் கேட்டுப் பெற வேண்டும்.